வேகமும் வீடும்

புதிதாக வாங்கிய வண்டியைப் பங்கு இல்லத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தி, மந்திரித்துத் தரும்படி கேட்கும் வழக்கம் நம் மக்களிடையே நெடுநாளாய் உண்டு. முன்னாளில் அது சைக்கிளாகவோ மீன் ஏற்றும் மூன்று சக்கர வண்டியாகவோ இருந்தது. பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. இப்பொழுது கார் வருகிறது. தீர்த்தம் தெளித்துச் செபத்தை முடித்தவுடன் அவ்வீட்டு இளைஞர் பானெட்டைத் திறந்து இயந்திரத்தைக் காட்டுவார். "சாமி, நூற்றிருபது குதிரை!" என்பார். அதே வேளையில் பின்னிருக்கையில் அவருடைய பாட்டியார் முழங்காலை நீட்ட இடமின்றி ஒருக்களித்து உட்கார்ந்திருப்பார். இவ்விரண்டையும் ஒருசேரக் காணும்போதெல்லாம், இவ்வண்டியைத் தேர்ந்தெடுத்தவர் யார், யாரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தார் என்னும் கேள்வி நம் உள்ளத்தில் எழுவதுண்டு.

வேகத்தின்மீது ஆசை கொள்வது பாவமா என்று நம்மிடம் வெளிப்படையாகவே கேட்டவர்களும் உண்டு. பாவம் அன்று என்பதே நம் விடை. நன்கு செய்யப்பட்ட இயந்திரம் ஒன்று, இட்ட கட்டளைக்கு உடனே கீழ்ப்படிந்து பாய்வதைக் கண்டு மகிழ்வது மனித இயல்பு. அந்த இயந்திரத்தின் பின்னால் ஆயிரம் பேரின் உழைப்பும் அறிவும் இருக்கின்றன. ஆயின் ஆசை நல்லதாயினும், அது தனியாக வாழ்வதில்லை. ஒரு வீட்டில் ஆறு பேரோடு சேர்ந்து வாழ்கிறது. அந்த அறுவருக்கும் ஏற்றதாக அவ்வாசையை ஒழுங்குபடுத்துவது எப்படி என்பதே இங்கு நாம் ஆராய விரும்புவது.

நம் செங்கற்பட்டு வட்டாரத்தார்க்கு இது தொலைவிலுள்ள செய்தி அன்று. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் அமைத்த ஆலையிலிருந்து 1999-இல் ஐகான் என்னும் கார் வெளிவந்தது. குடும்பத்தினர் அமரும் நான்கு கதவு வண்டியாயினும் அதன் 1.6 லிட்டர் பெட்ரோல் இயந்திரத்தின் துடிப்புக்காகவே அதை விரும்பியவர் பலர். குடும்பமும் வேகமும் ஒரே கூரையின்கீழ் சேரலாம் என்பதை நம் நாட்டு நடுத்தர வகுப்பாருக்குக் காட்டிய வண்டிகளுள் அதுவும் ஒன்று. அவ்வாலையில் கார் உற்பத்தி 2022-இல் நின்றுபோயிற்று. ஆனால் அங்கிருந்து சற்றுத் தெற்கே, பரனூர் இரயில் நிலையத்தை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில், பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஆலை 2007 முதல் இயங்கி வருகிறது. 2021-இல் அறிமுகமான எம்340ஐ என்னும் காரை அங்கேதான் இணைத்தார்கள். 387 குதிரைத்திறன் கொண்டது அது. நின்ற நிலையிலிருந்து 4.4 நொடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவது. அதற்கும் பின்னிருக்கை உண்டு, டிக்கி உண்டு, குழந்தை இருக்கை மாட்டக் கொக்கி உண்டு. அதே வளாகத்திலுள்ள மகிந்திரா ஆய்வு மையத்தில் பொறியாளர்கள் உழைத்து உருவாக்கிய பி.இ.6, எக்ஸ்.இ.வி.9இ என்னும் மின்சாரக் கார்கள் 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமாயின. அவற்றின் பெரிய மின்கலம் கொண்ட வகைகள் ஏழு நொடிக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவன. இருங்காட்டுக்கோட்டையிலோ ஹூண்டாய் ஆலையும் இருக்கிறது. 1990 முதல் பந்தயங்கள் நடைபெறும் ஓடுபாதையும் இருக்கிறது. ஆகவே வேகம் நம் ஊர்க்காரர்களுக்குப் பிழைப்பும் கூட.

அத்தகைய பிழைப்பில் இருபதாண்டுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர் நம் பங்கில் இருக்கிறார். நம் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் கார்களுக்குக் கதவு பொருத்தியவர். ஓய்வூதியத் தொகை கைக்கு வந்ததும் ஒருநாள் மாலைத் திருப்பலிக்குப் பின் நம்மிடம் வந்தார். "சாமி, இத்தனை வருஷம் மத்தவங்க வண்டிக்குக் கதவு மாட்டினேன். வேகமா போற வண்டி ஒண்ணு எனக்குன்னு வாங்கணும்னு ஆசை" என்றார். அவர் கண்டு வைத்திருந்ததோ 2007-இல் பதிவு செய்யப்பட்ட பழைய வண்டி. இளமையில் அவர் ஏங்கிய வண்டி அது. இன்று மலிவாகக் கிடைத்தது. வீட்டில் மனைவியார், எழுபத்தெட்டு வயதான தாயார், இருபத்துமூன்று வயது மகன், பிரசவத்திற்கு வந்து தங்கியிருந்த மகள், அவளுடைய பத்து மாதக் குழந்தை ஆகியோர் இருந்தனர். நம் கருத்தைக் கேட்டார். குடும்பத்தோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யும்படி சொன்னோம். "நீங்களும் வாங்க, சாமி" என்றார். சென்றோம்.

ஒரு சனிக்கிழமை காலையில், செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்குப் புறப்பட்டோம். மனைவியார் வீட்டில் நின்றுகொண்டார். முன்னிருக்கையை நமக்குத் தந்துவிட்டுப் பின்னால் ஆயாவும், குழந்தையை மடியில் ஏந்திய மகளும், மகனும் அமர்ந்தார்கள். அந்த வண்டி தரையோடு தாழ்ந்தது. ஆயா கூரையைப் பிடித்துக்கொண்டு, பேரன் கைகொடுக்க, மெல்ல மெல்ல உள்ளே இறங்கினார். ஏறினார் என்று எழுதுவதற்கில்லை. கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கினார். பின்னிருக்கையின் இருக்கைப் பட்டைகள் மெத்தையின் அடியில் புதைந்து கிடந்தன. அவற்றைத் தேடுவார் எவரும் இல்லை. திருக்கழுக்குன்றத்தை நெருங்கியபோது ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடிவயிறு உராய்ந்தது. ஐந்து பேரின் எடையை அது எதிர்பார்க்கவில்லை போலும்.

ஆயினும் திறந்த சாலையில் அதன் இயந்திரம் பாடியதை நாம் மறுக்கமாட்டோம். ஓட்டியவரின் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிது தூரம் சென்றிருப்போம். வேகம் அறுபதுக்கு மேல் இராது. மீனவர் குடியிருப்பு ஒன்றின் அருகே, தலையில் கூடையுடன் ஒரு பெண்மணி சாலையைக் கடக்க இறங்கினார். நம்மவர் பிரேக்கை முழு வலிமையோடு மிதித்தார். அந்தப் பழைய வண்டியில் ஏ.பி.எஸ். என்னும் சக்கரப் பூட்டுத் தடுப்பு இல்லை. சக்கரங்கள் சுழற்சி நின்று பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. கடல் மணல் படிந்த தார்மீது வண்டி நேரே வழுக்கிச் சென்று, அப்பெண்மணிக்கு இரண்டு முழத் தொலைவில் நின்றது. அந்த நொடியில் குழந்தை தாயின் மடியிலிருந்து நழுவி முன்னிருக்கையின் முதுகை நோக்கிப் பாய்ந்தது. மகனின் கை குறுக்கே வந்தது. குழந்தை அழுததே தவிர, அடிபடவில்லை. எவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னாலிருந்து ஆயாவின் குரல் வந்தது: "எனக்குச் சாவற வயசுதான், ஏசப்பா. இந்தக் கொழந்தைக்கு ஆகலியே."

வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். முதலிரண்டு இலக்கம் வாரத்தையும் பின்னிரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். மகன் குனிந்து படித்தான்: 1114. அதாவது 2014-ஆம் ஆண்டின் பதினோராவது வாரத்தில் செய்த டயர். பத்தாண்டில் இரப்பர் இறுகிப் பலகையாகிவிட்டிருந்தது. வண்டி எத்தனை குதிரையைக் கட்டி வைத்திருந்தாலும் தரையைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் ஓர் உள்ளங்கை அளவே. அந்த நான்கு உள்ளங்கைகளில்தான் ஆறு உயிர்கள் இருந்தன.

அன்று மாமல்லபுரத்தில் ஐந்து இரதங்களின் எதிரே அமர்ந்து தேநீர் அருந்தினோம். பல்லவர் காலத்தில் ஒரே பாறையில் குடைந்த அத்தேர்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாய் ஓரடியும் நகராமல் நிற்கின்றன. அவற்றின் முன் நின்று, நகரும் தேரைப் பற்றி நாம் பேசியவற்றைக் குடும்பத் தலைவர்களின் பயன் கருதி இங்கே வகைப்படுத்தித் தருகிறோம்.

முதலாவது, வேகம் உண்மையில் எதை மிச்சப்படுத்துகிறது என்று கணக்கிட வேண்டும். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி ஆகும். சராசரி 80-இல் சென்றால் ஏழெட்டு நிமிடம் மிஞ்சும். ஊர்களும் வளைவுகளும் ஆட்டுமந்தைகளும் நிறைந்த அச்சாலையில் அந்தச் சராசரி எவர்க்கும் கிட்டாது என்பது வேறு. ஏழெட்டு நிமிடத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்துவிடப் போகிறோம்?

இரண்டாவது, ஓடும் திறனைவிட நிற்கும் திறனை முதலில் விசாரிக்க வேண்டும். நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருந்து, ஓட்டுபவர் ஆபத்தை உணர ஒரு நொடி எடுத்துக்கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்பதற்கு ஏறத்தாழ 57 மீட்டர் வேண்டும். 120 கிலோமீட்டர் வேகத்தில் 110 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் நிற்கும் தொலைவு இரு மடங்காகிறது. ஆகவே இயந்திரத்தின் குதிரைத்திறனைச் சொல்லும் விற்பனையாளரிடம், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உண்டா, பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தானா, வண்டி வழுக்கும்போது தானே நேராக்கும் இ.எஸ்.சி. அமைப்பு உண்டா என்று கேட்க வேண்டும். கடலோரத்தில் வாழ்வோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். உப்புக்காற்று பிரேக் தகடுகளையும் வண்டியின் அடித்தகட்டையும் அரிக்கும். அடிப்பகுதிக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா என்பதே அக்கேள்வி.

மூன்றாவது, ஆற்றல் மிக்க இயந்திரத்திற்கும் குடும்பத்தில் நேர்மையான வேலை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறியபின், பலவீனமான வண்டி ஒரு லாரியை முந்த எதிர்த்தடத்தில் நீண்ட நேரம் ஓடவேண்டியிருக்கும். அந்த நேரமே ஆபத்து. அதைச் சுருக்குவது குதிரைத்திறன் மட்டுமன்று. தாழ்ந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவிசை, அதாவது டார்க். டர்போ பூட்டிய சிறிய இயந்திரங்களின் நன்மை இதுவே. எடுத்துக்காட்டாக, 2021-இல் வெளிவந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் வண்டியில் ஒரு லிட்டர் இயந்திரமே 120 குதிரைத்திறனும் 172 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தந்தது. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் வைத்திருந்தது. சற்றுப் பெரிய வண்டி வேண்டுவோர்க்கு, 2023-இல் வந்த வெர்னாவின் 1.5 லிட்டர் டர்போ 160 குதிரைத்திறன் உடையது; டிக்கியின் கொள்ளளவு 528 லிட்டர். வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு போவோர் பெட்டிகளைக் குழந்தைகளின் காலடியில் திணிக்க வேண்டியதில்லை. மின்சாரக் காரிலோ மிதித்த நொடியிலேயே முழு இழுவிசையும் பாயும். அது நன்மையும் ஆகும். பழகாத காலுக்குத் தீமையும் ஆகும்.

நான்காவது, பாதுகாப்பு நட்சத்திரங்களின் பொருளை அறிய வேண்டும். 2023 அக்டோபர் முதல் நம் நாட்டில் பாரத் என்.சி.ஏ.பி. என்னும் மோதல் சோதனைத் திட்டம் நடைமுறையில் உள்ளது. ஐந்து நட்சத்திரம் பெற்ற வண்டி நல்ல வண்டியே. ஆனால் அச்சோதனையில் கார் முன்புறமாக மோதும் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். 120 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சுமக்கும் மோதலாற்றல் அதைப்போல் மூன்றரை மடங்கு. அந்த வேகத்திற்கு எவரும் நட்சத்திரம் வழங்கவில்லை. மேலும், நட்சத்திரம் இருக்கைப் பட்டை அணிந்தவர்க்கே உரியது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியில் இருக்க, அவ்வண்டி மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், அக்குழந்தை 170 கிலோ மூட்டையின் பாரத்தோடு முன்னே பாயும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. தாயன்பு குறைவு என்பதன்று. தசையின் வலிமை அவ்வளவுதான். ஆதலால் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டும் குழந்தை இருக்கை ஆடம்பரம் அன்று. கைக்குழந்தையைப் பின்னிருக்கையில், பின்புறம் நோக்கி வைக்க வேண்டும். காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் அவ்விருக்கையை மாட்டவே கூடாது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி வண்டி ஓட்டுவது 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி தண்டத்திற்குரியது.

ஐந்தாவது, வண்டியைச் சோதிக்கப் போகும்போது வீட்டின் முதியவரையும் குழந்தையையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். விளம்பரத்தில் காணும் நொடிக்கணக்கு நிறைந்த வண்டிக்கு உரியதன்று. ஆயா உதவியின்றி ஏறி இறங்க முடிகிறதா? ஐவரும் அமர்ந்த நிலையில் நம் தெருவின் வேகத்தடையை வண்டி உராயாமல் கடக்கிறதா? பின்னிருக்கையின் நடுவில் அமர்வோர்க்கும் தோள்பட்டை உண்டா? வீட்டிற்கு அருகில் பழுதுபார்க்கும் நிலையம் உண்டா? அழகுக்காகப் போடும் மெல்லிய டயர்கள் பள்ளத்தில் விழுந்தால் சக்கரமே நெளியும். அவற்றின் விலை என்ன? இவற்றிற்கெல்லாம் விடை கிடைத்தபின் இயந்திரத்தின் பாடலைக் கேட்கலாம்.

ஆறாவது, பணம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்திற்கும் 1200 சி.சி.க்கும் மேற்படாத பெட்ரோல் கார்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு; அவற்றினும் பெரியவற்றிற்கு 40 விழுக்காடு. சிறிய டர்போ வண்டியில் குடும்பத்திற்குப் போதிய ஆற்றல் கிடைக்கும்போது, பெயருக்காகப் பெரிய வண்டி வாங்கிக் கடன்படுவது வீட்டின் உறக்கத்தை விற்பதாகும். பழைய வண்டி மலிவு என்று மயங்குவோரும் பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கத் தகுதிச் சான்று வேண்டும் என்பதை மறவாதிருக்க.

நம்மவர் அந்தப் பழைய வண்டியை வாங்கவில்லை. அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் பொறுத்து, நான்கு மீட்டருக்குட்பட்ட, தரையினின்று சற்று உயர்ந்த, டர்போ பூட்டிய புதிய வண்டி ஒன்றை வாங்கினார். ஆறு காற்றுப்பைகளும் இ.எஸ்.சி.யும் உடையது அது. மிகையான வேகம் அதற்கு இல்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு உண்டு. விலை பேசும்போது அவர் இசைத்தட்டுத் திரையையும் கூரைக் கண்ணாடியையும் விட்டுக்கொடுத்தார். அந்தப் பணத்தில் குழந்தை இருக்கை வாங்கினார். ஆயா கதவைத் திறந்து, நிமிர்ந்தபடியே உள்ளே சென்று அமர்ந்து, தாமே பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டார். பழைய ஆசையில் ஒரு பகுதியை இழந்த வருத்தம் நம்மவரின் முகத்தில் இருந்ததை நாம் கண்டோம். அதை அவர் மறைக்கவும் இல்லை. "கொஞ்சம் ஏக்கந்தான், சாமி" என்றார். அந்த ஏக்கம் மதிப்பிற்குரியது. பிறருக்காக விட்டுக்கொடுத்தவனுக்கே அத்தகைய ஏக்கம் உண்டு.

மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனுக்கு வேகம் பிடிக்கும். நடிகர் அஜித் குமாரின் அணி 2025 சனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதை அவன் நம்மிடம் பெருமையோடு சொன்னான். நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அங்கே தலைக்கவசம் உண்டு, உடலைப் பிணைக்கும் பட்டை உண்டு, காரின் உள்ளே இரும்புக் கூண்டு உண்டு, எதிரே வரும் வண்டி இல்லை, கூடை சுமந்து கடக்கும் பெண்மணி இல்லை என்பதையும் அவனுக்கு நினைவூட்டினோம். வேகம் வேண்டுமாயின் இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை அதற்குரிய இடம் அன்று. அது மீன் விற்கப் போவோரும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் நடக்கும் சாலை. இப்பொழுது அவ்வீட்டில் வண்டிச் சாவி திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழ் ஓர் ஆணியில் தொங்குகிறது. எடுப்பவர் எங்கே போகிறார், எப்பொழுது திரும்புவார் என்று சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். தந்தைக்கும் அதே விதிதான். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கு அதே 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கிறது என்பதை மற்ற வீட்டாரும் அறிந்திருப்பது நலம்.

பயணிகளின் பாதுகாவலராகிய புனித கிறிஸ்தோபரின் படத்தை வண்டியில் ஒட்டுவோர் நம்மிடையே பலர். அவரைப் பற்றி வழங்கும் மரபுக் கதை யாவரும் அறிந்ததே. அவர் பேருருவமும் பெருவலிமையும் படைத்தவர். அந்த வலிமையைக் கொண்டு அவர் ஓட்டப் பந்தயத்தில் ஓடவில்லை. ஒரு குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பெருக்கெடுத்த ஆற்றை ஓரோர் அடியாக ஊன்றிக் கடந்தார். வலிமை சுமப்பதற்கே தரப்பட்டது என்பதை அக்கதையினும் எளிதாய்ச் சொல்வது அரிது.

ஆகவே அன்பர்களே, ஆற்றல் மிக்க வண்டியை வாங்குங்கள், தடையில்லை. வாங்குமுன் அதில் யாரை ஏற்றப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய பெயர்களுள் மிக மெலிந்தவர் யாரோ, அவருக்குப் பொருந்தும் வண்டியே உங்கள் குடும்பத்திற்குப் பொருந்தும் வண்டி.